வாய் கட்டியவரும் வாக்குச் சொல்பவரும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நானும் கொடுத்திருந்தேன். மட்டக்களப்பின் சடங்கு மரபைப் பற்றிப் பொதுவான ஒரு பேச்சு அது. ஆண்டுகளும் ஆட்பெயர்களும் நிறைந்த, யாருக்கும் நோகாத பேச்சு. அச்சுக்குப் போகும் முன்பே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். காரணம் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கல்லடிப் பாலத்தடியில் கண்டபோது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“சேர், எங்கட அம்மன் கோயிலுக்குக் குருக்களை வைக்கிறதெண்டு கூட்டத்தில முடிவெடுத்திட்டாங்க. நல்லதுதான், ஒவ்வொரு நாளும் விளக்கெரியும். மறுகா எங்களுக்கு ஏதும் கேக்கிறதெண்டா ஆரிட்டப் போற?”

நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாக்குச் சொல்லித் தப்பினேன். அன்றைக்குத் தப்பிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் தேடப்போகிறேன்.

அவள் பாவித்த சொல்லை முதலில் பாருங்கள். ‘கும்பிட ஆரிட்டப் போற’ என்று அவள் கேட்கவில்லை, ‘கேக்கிறதெண்டா’ என்றாள். கும்பிடுவது வேறு, கேட்பது வேறு என்பது இந்த வாவிக்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டிய சங்கதி அல்ல. கும்பிடுவதற்கு ஒரு விளக்குப் போதும். கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும்.

நம்முடைய மரபு இந்த வாயை ஒரே ஆளிடம் கொடுத்து வைக்கவில்லை. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயில் என்பது குடிகளின் சொத்து. தாய்வழியாக வரும் குடிகள் தமக்குள் உரிமைகளைப் பங்கிட்டு, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைத் தெரிந்தெடுத்து நிறுத்தின. பக்கத்து ஊர் முஸ்லிம்களும் அதே தாய்வழிக் குடி முறையை வைத்துக்கொண்டுதான் பள்ளிவாசலுக்கு மரைக்காயரைத் தெரிந்தெடுத்தார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார்; 2008 இல் வந்த அவருடைய பெரிய நூலைத் திறந்தால் நம் பாட்டிமாரின் பேச்சு ஆங்கிலத்தில் கேட்கும். பூசை செய்பவர் எவராக இருந்தாலும் அவர் குடிகளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர் என்பதே இந்த ஏற்பாட்டின் உள்நரம்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

மண்டூருக்குப் போகாதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். சின்னக் கதிர்காமம் என்று நாம் சொல்லும் முருகன் கோயில். மூலத்தானத்தில் விக்கிரகம் இல்லை, வேல்தான். பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார். மந்திர ஓசை இல்லை, திரை விலகுவதில்லை. ஆவணியில் ஆயிரமாயிரம் பேர் வாவிக்கரையில் கூடி, தாம் பார்க்க முடியாத ஒன்றை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார்கள். கதிர்காமத்துச் சிங்களப் பூசகரைக் கப்புறாளை என்கிறோமே, அந்தச் சொல்லும் நம் கப்புகனாரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்தத் தீவின் இரண்டு மொழிகளும் கோயில் வாசலில் எவ்வளவு நெருங்கி நின்றிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மார்க் விற்றேக்கர் 1999 இல் இந்த ஒரு கோயிலை மட்டும் வைத்து ஒரு முழு நூல் எழுதினார். அதைப் படித்த பிறகும் கப்புகனார் வாய் கட்டிக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

கப்புகனாரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் வாய் கட்டியவர்.

கண்ணகி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்த கதவு வைகாசியில் திறக்கும். கதவு திறத்தல் என்பதே அந்தச் சடங்கின் பெயர். பிறகு மடை, காவியம், உடுக்கு, கல்யாணக்கால் நடுதல், கடைசியில் பூரணையை ஒட்டித் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டைத் தணிப்பது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர், வந்தாறுமூலை என்று கரை நீளத்துக்கும் அந்த ஒரு கிழமை பெண்கள் வேப்பங்குழையும் மஞ்சள் நீருமாக ஓடித்திரிவார்கள். இந்தச் சடங்கை நடத்துபவர் கட்டாடியார். அவர் கையில் பத்ததி ஏடு. தகப்பனிடமோ தாய்மாமனிடமோ இருந்து பெற்றது. வாய்க்குள் முணுமுணுப்பதற்கு உரியது. வெளியாருக்குப் படித்துக் காட்டுவதற்கு உரியதல்ல. வழக்குரைக் காவியம் மட்டும் ஊருக்கே கேட்கப் படிக்கப்படும். வி. சீ. கந்தையா 1968 இல் கண்ணகி வழக்குரையை அச்சிட்டபோது, கோயில் ஏடு கடைத்தெருவுக்கு வந்துவிட்டதே என்று முகம் சுளித்தவர்களும் உண்டு, இனி அழியாது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு என்று என் தகப்பனார் சொல்வார். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் பட்டுத்துணியில் சுற்றி விளக்கடியில் இருந்தது. அச்சுப் புத்தகத்தையும் ஏடாக்கிவிடுகிற சனம் நாம்.

மூன்றாவது வாய் தெய்வம் ஆடுபவருடையது. உடுக்கும் பறையும் ஏறும்போது உருவந்து, சூலத்தோடோ வேப்பங்குழையோடோ ஆடி, வரிசையில் நிற்பவர்களுக்கு வாக்குச் சொல்பவர். சிறுவனாக நான் பார்த்த சடங்கொன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புதிதாக ஓர் இளைஞனுக்கு உருவந்தது. கட்டாடியார் அவனை உடனே வணங்கிவிடவில்லை. வழிமறித்து நின்று, ‘ஆர் வந்திருக்கிறாய்? பேர் சொல்லு’ என்று அதட்டினார். அவன் சொன்ன பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அவன் கையை உதறினான். அதற்குமேல் பேச்சில்லை; தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, வெளியே கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே ஆளுக்கு மறுபடி உருவந்தது. அந்த முறை கற்பூரம் எரிந்து முடியும் மட்டும் அவன் அசையவில்லை. ஊர் அவனை ஏற்றது. எட்டு வயதில் எனக்கு அது பயங்கரமான காட்சியாக இருந்தது. இப்போது யோசித்தால், ஆலோசனை சொல்லப் புறப்படும் ஒருவரை ஊர் தெருவிலேயே நிறுத்தி வைத்து நடத்திய பரீட்சை அது. சோதிடம் பார்ப்பவருக்கோ, மனநல ஆலோசகருக்கோ, எங்களைப்போன்ற வாத்திமாருக்கோ இப்படி ஒரு பரீட்சை வைக்கப்பட்டிருந்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியவில்லை.

நாலாவதாகக் குருக்கள். பலரும் நினைப்பதுபோல் இவர் நேற்று வந்தவர் அல்ல. இலிங்கம் அணிந்த வீரசைவக் குருக்கள்மார் தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதிக் கோயில்களில் பூசை செய்து வருகிறார்கள். பிராமணக் குருக்கள்மாரும் இருந்தார்கள். ஆகமமா சடங்கா என்பதை ஒன்று வந்து மற்றதை விழுங்கிய கதையாகச் சொல்பவர்கள் இந்த வாவியைச் சரியாகப் பார்க்கவில்லை. கலியாணத்துக்கும் அந்தியேட்டிக்கும் குருக்கள், சூட்டுக்கும் அம்மைக்கும் கட்டாடியார், காணாமற் போனதற்கும் வயிற்றெரிச்சலுக்கும் வாக்கு. பேயடித்தால் கழிப்புக் கழிக்க இன்னொருவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை இரவில் வீரிட்டு அழுதால் ஓதிய தண்ணீருக்குப் பக்கத்து ஊர் மௌலானா. எங்கள் அம்மா எவர்சில்வர்ச் செம்போடு அங்கே போய் நின்றதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

குழப்பம் படித்தவர்களிடமிருந்து வந்தது. இதைச் சொல்லும்போது நானும் படித்தவன் என்பதை மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், ஆகமம் சொல்லாத வழிபாடுகளைக் கண்டித்தார். கண்ணகி சமணச் செட்டிப்பெண், அவளுக்குச் சைவர் கோயிலில் என்ன இடம் என்பது அவர் தரப்பின் வாதம். 1879 இல் அவர் மறைந்த பிறகும் அந்த வாதம் நின்றது. வடக்கில் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. இருந்த இடத்தில் இருந்தபடியே அம்மன் வேறொருத்தி ஆனாள். வற்றாப்பளை போன்ற சில தலங்கள்தான் பெயரைக் காத்தன. நாவலரைத் திட்டி அவையில் கைதட்டு வாங்குவது எனக்கு விருப்பமில்லை. பாதிரிமார் கிராமத்து வழிபாடுகளைக் காட்டிச் சைவத்தையே எள்ளிய காலத்தில், சுத்தமான ஒரு நூல்வழியைக் காட்டி நிமிர்ந்து நிற்க அவர் முயன்றார். அந்தக் கட்டாயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிர்வுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு, கேட்க ஓரிடம் இல்லாமற் போன பெண்களின் பங்கு. வாவிக்கரைக் கண்ணகி கண்ணகியாகவே இருந்தாள். கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984 இல் வெளியிட்ட நூலில், சிங்களவரின் பத்தினியை அறிவதற்கு நம் கிழக்குக் கரைக் கண்ணகியையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. நம் கொம்புமுறி விளையாட்டுக்கும் அவர்களுடைய அங்கெலியவுக்கும் ஒரே அம்மன்தான் சாட்சி.

காரைதீவுக் கண்ணகியின் ஊரில் 1892 இல் பிறந்த மயில்வாகனன் என்ற பிள்ளையின் கதை இதற்கு இன்னொரு பக்கம். விஞ்ஞானம் படித்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார், தனக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று தேடியபோது ஊர்க் கட்டாடியாரிடமோ யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடமோ போகவில்லை. 1922 இல் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். வங்காளத்து மரபு, வேற்று மொழி, புது வகைத் துறவு. மரபிலிருந்து விலகல் என்று யாரும் அன்று சொல்லியிருக்கலாம். அவரோ கல்லடி உப்போடையில் குருவின் பெயரால் பள்ளிக்கூடம் கட்டினார். கடைசி ஆண்டுகளில், சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்து பழந்தமிழ் யாழை மீட்கப் புறப்பட்டு, மறைந்த ஆண்டாகிய 1947 இலேயே யாழ்நூலை வெளியிட்டார். கடல் கடந்து குருவைத் தேடியவர் கண்ணகியின் காப்பியத்துக்குள் வந்து நின்றார். காரணகாரியம் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் காரைதீவில் குளிர்த்தி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் காதை முற்றிலும் அந்நியமாக இருந்திராது.

இனிப் போர்க்காலம். இதைச் சுருக்கிச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. இப்படிப் பெரிய எண்ணிக்கையோடு பதிவானவை சில. ஒருவர் இருவராய்ப் போனவர்கள் எத்தனையோ. என் பெரியம்மாவின் மகன் அப்படிப் போனவன். ஆர் கொண்டுபோனது என்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பெரியம்மா எங்கே கேட்டாள் என்பதுதான் என் பேச்சு.

எல்லா இடத்திலும் கேட்டாள். முகாம் வாசலில், பொலிசில், விதானையார் வீட்டில், செஞ்சிலுவை அலுவலகத்தில். எங்கேயும் அவளுக்குத் தாள்கள் கொடுத்தார்கள், அல்லது தாள்கள் கேட்டார்கள். கடைசியில் அவனுடைய சாரம் ஒன்றையும் ஒரு சேட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாக்குச் சொல்லும் பெண்ணொருத்தியிடம் போனாள். நானும் கூடப் போனேன். அப்போது இடதுசாரி வாசிப்பு எனக்கு. இந்த ஏமாற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம்.

அந்தப் பெண் பூசகக் குடும்பத்தவள் அல்ல. பத்ததி ஏடு அவள் கண்டதில்லை. அவளுக்கும் ஒருவர் காணாமற் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் அம்மன் அவள்மேல் வந்ததாம். உருவந்ததும் சேட்டை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமலே, ‘கால் பெருவிரலில வெட்டுக்காயம் இருக்கு’ என்றாள் அந்தப் பெண். சின்ன வயதில் வெட்டுக்கத்தி விழுந்த காயம். பெரியம்மா உடைந்து அழத் தொடங்கினாள். மறுகா அந்தப் பெண்ணும் அழுதாள். உயிரோடு இருக்கிறான் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிறான் என்றாள். அதற்குப் பிறகு பெரியம்மா வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். அவளுக்கு மகன் செத்துவிட்டான் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லி, நட்டஈட்டுக்காக ஒரு தாள் வந்தது. அதில் அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தண்ணீர் வைத்தாள்.

ஏமாற்றைப் பார்க்கப் போனவன் நான். பெருவிரல் காயத்தை எப்படி அறிந்தாள் என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு; ஊரில் யாரும் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வி பெரியம்மாவுக்கு முக்கியமாக இருக்கவில்லை. ஆறு மாதத்தின் பின் அவள் அதே பெண்ணிடம் திரும்பிப் போய், எல்லார் முன்னாலும், ‘நீ சொன்னதுக்குப் பிறகும் ஒண்டும் தெரியல்லையே’ என்று அம்மனையே ஏசினாள். உருவந்திருந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முகாம் வாசலில் பெரியம்மா இப்படிக் குரல் உயர்த்தியிருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.

பற்றிசியா லோரன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் இருந்து, அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களை அவதானித்தவர். 2000 இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில் இழப்பைப் பற்றிப் பேச ஓரிடமாக இருந்தவை இந்தக் கோயில்கள்தாம் என்று காட்டுகிறது. நான் கண்டதும் அதுதான். நூல்வழிக்காரர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிவைத்த வாய், மற்ற எல்லா வாய்களும் பூட்டப்பட்டபோது திறந்திருந்தது. அதுவும் பழைய விதியின்படி தகுதியற்ற பெண்களின் வாய். கட்டாடியார்மார் சிலர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘கட்டில்லாத உரு’ என்றார்கள். சிலர் பேசாமல் ஒதுங்கி இடம்விட்டார்கள். அந்த ஒதுங்கல்தான், என் கணிப்பில், நம் மரபின் மிகப் பெரிய மாற்றம். தீர்மானம் நிறைவேற்றாமல், கும்பாபிஷேக மலர் வெளியிடாமல் நடந்தது.

இங்கே கொஞ்சம் தூரம் போய்வரலாம். மேற்கு ஆபிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கில், யொரூபா மக்கள். அவர்களுக்கும் நமக்கும் உறவு கற்பிக்கும் வேலை எனக்கு வேண்டாம். குமரிக்கண்டத்தாரிடம் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘கேட்பது’ என்பதை அவர்கள் அமைத்திருக்கும் விதத்தை நாம் பார்க்க வேண்டும். இஃபா என்பது அவர்களுடைய குறி கேட்கும் முறை. குறி பார்ப்பவர் பாபலாவோ. இரகசியங்களின் தந்தை என்று பொருள். பல ஆண்டுகள் குருவின் வீட்டில் இருந்து மனப்பாடம் செய்தவர். பதினாறு பனங்கொட்டைகளையோ ஒரு சங்கிலியையோ கொண்டு அவர் எடுக்கும் குறி 256 வகைகளுள் ஒன்றாக விழும். ஒவ்வொரு வகைக்கும் ஏராளமான பாட்டுகள், கதைகள்.

வில்லியம் பாஸ்கம் 1930களின் இறுதியில் இலே-இஃபே நகரில் இருந்து ஆராய்ந்து, 1969 இல் எழுதிய நூலில் ஒரு விபரம் இருக்கிறது. கேட்க வந்தவர் தன் கேள்வியைப் பாபலாவோவிடம் சொல்வதில்லை. காசின்மேல் மெதுவாகச் சொல்லி வைத்துவிடுகிறார். பாபலாவோ குறி எடுத்து, அதற்குரிய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்க வந்தவர் ஒரு பாட்டில், ‘இது என்னுடையது’ என்று நிறுத்துகிறார். தெரிவு கேட்பவருடையது. படித்த நாளிலிருந்து இந்த விபரம் என்னை விடவில்லை. பெரியம்மா சேட்டை நீட்டிவிட்டு வாய் திறக்காமல் நின்றதும், அம்மனை ஏசியதும் நினைவுக்கு வந்தன.

யொரூபா மக்களை அடிமைகளாக அத்திலாந்திக்குக்கு அப்பால் கொண்டுபோனபோது தெய்வங்களும் போயின. கியூபாவிலும் பிரேசிலிலும் கத்தோலிக்கப் புனிதர்களின் முகமூடியோடு அவை பிழைத்தன. 1983 இல் பிரேசிலின் சல்வடோர் நகரில், மாயி ஸ்டெல்லா முதலான மூத்த பூசகிகள் சிலர், இனி முகமூடி வேண்டாம், எங்கள் தெய்வங்கள் புனிதர்களின் மறுபெயர்கள் அல்ல என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். தலைமுறைகளாக வந்த பழக்கத்தை மரபின் பெயராலேயே கைவிட்டார்கள். எல்லோரும் அவர்கள்பின் போகவில்லை. தேவாலயத்துக்கும் போய்த் தெய்வத்துக்கும் ஆடுபவர்கள் இன்றும் உண்டு. இன்னொரு வழக்கும் இருக்கிறது. கியூபா வழியில் பெண் பாபலாவோ ஆக முடியாது. நைஜீரியாவின் சில இடங்களில் பெண்களுக்கு இஃபா தீட்சை உண்டு, அவர்களை இயானிஃபா என்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண் யாரிடம் போவாள்? தன்னை வளர்த்த கியூபா வழி வீட்டிடமா, ‘மூல’ நாட்டிடமா? இரண்டு பக்கமும் மரபு மரபு என்றுதான் சொல்கிறது. நமக்குக் கேட்டுப் பழகிய சண்டை.

மரபு மாறுவதைச் சொல்லும்போது, பலி விடயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. புளோரிடாவில் ஒரு நகரசபை கியூபா வழியினரின் பலியைத் தடுக்கச் சட்டம் போட்டபோது, 1993 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலியைத் தடைசெய்தது. நம் பக்கத்தில் பல கோயில்கள் நீதிமன்றத்துக்குக் காத்திராமல் நீத்துப்பூசணிக்காய்க்கு மாறிவிட்டன. வெட்டி, குங்குமம் தடவி, முடிந்தது. என் வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து என்றால், சேவல் இறைச்சியை எதிர்பார்த்திருந்த சித்தப்பாவிடமிருந்து.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்வி.

அவளுடைய ஊர்க் கூட்டத்தில் குருக்களை வைக்கச் சொன்னவர்களின் காரணங்களை நான் கேட்டறிந்தேன். நியாயமானவை. கட்டாடியாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மகன் கட்டாரில், ஏட்டைக் கற்க யாரும் முன்வரவில்லை. கோயில் வருடத்துக்கு ஒருமுறை திறந்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகஸ்ட் விடுமுறையில் வந்து பார்க்க ஒன்றுமில்லை. கோபுரம் கட்டப் பணம் அனுப்புபவர்கள் அவர்கள்தாம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டில் எல்லாக் குடிக்கும் ஒரே இடம் இருக்கவில்லை. பறை முழங்காவிட்டால் தெய்வம் ஏறாது. ஆனால் பறை முழக்கியவர் மடைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்குக் கோடு இருந்தது. குருக்கள் வந்தால் எல்லோரும் ஒரே வாசலில் நிற்கலாம் என்று நினைக்கும் இளைஞர்களை நான் குறைசொல்ல மாட்டேன். மரபை ஆதரித்துப் பேசுபவர்கள் இந்தக் கோட்டைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையல்ல. நானும் பல மேடைகளில் விட்டிருக்கிறேன்.

மறுபக்கத்தில், வாக்குக் கேட்பது கோயிலை விட்டு வெளியேறிக் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வீடியோ அழைப்பில் குறி கேட்கிறார்கள். நான் அதைச் சிரிப்புக்குரியதாக நினைக்கவில்லை. பெரியம்மா பஸ்ஸில் போனாள், இவர்கள் வட்ஸ்அப்பில் போகிறார்கள். என் கவலை வேறு. அந்தத் திரைக்கு முன்னால் ‘ஆர் வந்திருக்கிறாய்’ என்று அதட்டக் கட்டாடியார் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் குடிகள் இல்லை. ஆறு மாதம் கழித்து வந்து எல்லார் முன்னாலும் ஏசுவதற்கு வாசல் இல்லை. இலக்கத்தை மறித்துவிட்டால் போதும். தெய்வத்தை ஏற்றியவரே மலையேற்றவும் வேண்டும் என்பது சடங்கின் ஒழுங்கு. இங்கே அழைப்பைத் துண்டித்தால் முடிந்துவிடுகிறது, கேட்டவர் ஏறிய சூட்டோடு தனியே இருக்கிறார்.

மறுகோடியில், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியை நினைத்துப் பாருங்கள். சூஃபி வழியினருக்கும் சீர்திருத்த வழியினருக்கும் இடையே யாரிடம் வழிகேட்பது சரி என்ற வாதம் 2004 இலும் 2006 இலும் தெருச் சண்டையாகவே வெடித்தது. என் அம்மா செம்போடு நின்றதைப்போன்ற வாசல்கள் குறைந்துவிட்டன. அந்த மக்கள் மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு உரித்தில்லை. வழிகாட்டியைத் தெரிந்தெடுக்கும் உரிமை தனியாளிடமிருந்து பறிபோகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு, நம்மிடம் இருந்து ஐந்து மைலுக்குள் ஒரு சாட்சி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆக, மகளே, நீ கல்லடிப் பாலத்தில் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். குருக்கள் வரட்டும். கட்டாடியாரின் ஏட்டைப் படியெடுக்க அவர் சம்மதித்தால் படியெடு. சம்மதிக்காவிட்டால் அவரோடு இருந்து கேட்டுப் பழகு. பெண்பிள்ளைக்குச் சொல்லித் தருவாரா என்று நீயே அவரிடம் கேட்கலாம். போர்க்காலத்தில் ஒதுங்கி இடம்விட்டவர்களின் வரிசையில் வந்தவர்தான் அவர். வாக்குக் கேட்கப் போகும்போது, பழையதா புதியதா என்று பார்க்காதே. பிழைத்தால் நீ திரும்பிப் போய் ஏசக்கூடிய ஆளா என்று பார். அப்படி ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பாரா என்று பார்.

இதை எழுதி முடித்த பிறகு, கடந்த வைகாசியில் அவளுடைய ஊர்க் குளிர்த்திக்குப் போனேன். குருக்கள் மாலைப் பூசையை முடித்து, மணியை எடுத்து வைத்துவிட்டு, மண்டபத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார். கட்டாடியார் வந்து உடுக்கைக் கையில் எடுத்தார். ஒலிபெருக்கிக்காரர் இரண்டுக்கும் ஒரே சத்தம் வைத்திருந்தார், அதைக் குறைக்கச் சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கு உருவந்தது. ஒருத்தி நடுத்தர வயதுப் பெண். கட்டாடியார் அவளை மறித்து, பேர் கேட்டார். வரிசை நீண்டுகொண்டிருந்தது. நடுவில் என் மாணவி செப்புக் குடத்தோடு நின்றாள். அவள் முறை வந்தபோது நான் அருகில்தான் இருந்தேன், பறை உச்சத்தில் இருந்ததால் என்ன கேட்டாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. குருக்கள் கதிரையை விட்டு எழுந்து, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கட்டாடியாரின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து மறுபடி அமர்ந்தார்.